‘சொந்த ஊர் எது?’

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் ‘பரிமாற்ற மாணவரின் ஒரு மாதம்’ என்ற தலைப்பில் தொலைக்காட்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள். பனியைப் பார்த்தது, வழி தெரியாமல் நின்றது, அம்மா சமையலை நினைத்து அழுதது என்று அழகாகச் சொன்னார்கள். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து பேசப் போகிறேன். அப்படி வந்த ஒரு பிள்ளையை ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தவள் நான். சுவா சூ காங்கில் எங்கள் நாலறை வீட்டில், 2024 ஜனவரியில்.

வந்தவள் தென்காசி மாவட்டத்துப் பெண். சென்னையில் பொறியியல் படிப்பு. ஒரு பருவம் மட்டும் சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்க வந்தாள். விடுதியில் இடம் கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. அம்மா முதலில் யோசித்தார். “யார் பெத்த பிள்ளையோ, நாளைக்கு ஒன்னு கிடக்க ஒன்னு ஆச்சுன்னா?” என்றார். நான்தான் வற்புறுத்தினேன். அதற்கு ஒரு பழைய கடன் இருந்தது.

2007-இல் நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொதுமக்கள் தொடர்புச் சாதனத் துறையில் பட்டயப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதப் பரிமாற்றத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள். பெண்கள் விடுதியில் தங்கினேன். முப்பது நாளில் ஒரே ஒரு வீட்டுக்குள்தான் போயிருக்கிறேன். உடன் படித்த தோழி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவள் பாட்டி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டார். சென்னையில் நான் பார்த்த கோயில், கடற்கரை, படப்பிடிப்புத் தளம் எல்லாம் கலங்கிப் போய்விட்டன. அந்தத் தட்டு மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பரிமாற்றம் என்பதையே இப்படித் தொடங்கியவர்கள் உண்டு. இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். ஏஎஃப்எஸ் என்று பெயர். போர் முடிந்த பிறகு, 1947-இல், வேறு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு வரவழைத்துக் குடும்பங்களில் தங்க வைத்தார்கள். ஒருவன் வீட்டுச் சோற்றைத் தின்றவன் அவன்மேல் குண்டு போடத் தயங்குவான் என்ற எண்ணம் போலிருக்கிறது. இன்று மதுரையில் தமிழ் படிக்க வரும் அமெரிக்க மாணவர்களும் அங்குள்ள குடும்பங்களில் தங்குவதுண்டு. நம் சிங்கப்பூரில் நிலைமை வேறு. பரிமாற்ற மாணவர்கள் பெரும்பாலும் விடுதியில் இருந்து வகுப்புக்கும், வகுப்பில் இருந்து உணவங்காடிக்கும் போய்விட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒரு வீவக வீட்டின் கதவைத் தாண்டாமலே போகிறவர்கள் எத்தனையோ பேர்.

வாடகை பற்றி ஒரு வார்த்தை. வீவக வீட்டில் அறையை வாடகைக்கு விட்டால் குறைந்தது 6 மாதத்துக்கு விட வேண்டும். ஒரு மாதத்துக்கு விடச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் வாடகைப் பேச்சே எழவில்லை, அவள் விருந்தாளி. சட்டம் சில நேரம் நல்லதும் செய்கிறது.

முதல் வாரம் அவள் எல்லாவற்றையும் 62-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வெள்ளி ஏறக்குறைய 62 ரூபாய். காப்பிக் கடையில் அப்பா வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் விலையைக் கணக்குப் போட்டாள். எம்ஆர்டியில் யாரும் யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “ஏதாவது துக்கமா அக்கா?” என்று என் காதில் கேட்டாள். நிலையத்தில் ‘சுவா சூ காங்’ என்று தமிழில் எழுதியிருந்ததைப் படம் எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள். எங்களிடம் மட்டும் ஆங்கிலத்தில்தான் பேசினாள். வெளிநாட்டில் ஆங்கிலம்தான் மரியாதை என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “உனக்குத் தமிழ் வராதாம்மா?” என்று கேட்ட பிறகுதான் தென்காசித் தமிழ் வெளியே வந்தது. நானும் அண்ணனும் எங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதை அவளும் கவனித்தாள். “டிவியில தமிழ் பேசுறீங்க, வீட்டுல அண்ணன்கூடப் பேச மாட்டீங்களா?” என்றாள். அதற்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் அவளுக்கு முதல் அடி விழுந்தது. கல்லூரியில் முதல் மாணவி, இங்கே கலந்துரையாடல் வகுப்பில் வாய் திறக்க முடியவில்லை. ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசுகிறவனைப் பாராட்டுகிறார்களாம். இரவு பத்து மணிக்குச் சமையலறையில் நின்று அம்மாவிடம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா படித்தது தொடக்கப்பள்ளி வரைதான். ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் ‘ம்’ கொட்டியபடி கேட்பார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு முதல் நாள் இரவு. எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அவள் இயல்பாக அப்பாவிடம் கேட்டாள்:

“அங்கிள், உங்க சொந்த ஊரு எது?”

“சுவா சூ காங்.”

சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டாள். “அது தெரியும் அங்கிள். சொந்த ஊரு?”

“அதான்மா சொன்னேன். சுவா சூ காங். புளோக் நம்பரும் சொல்லணுமா?”

அப்பா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அம்மா ரசத்தை எடுத்து ஊற்றினார். அந்தப் பிள்ளைக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. புதிதாக இந்தியாவில் இருந்து வந்தவர்கள்மீது நம்மில் சிலருக்கு இருக்கும் மனக்குறை அப்பாவுக்கும் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அலுவலகத்தில் “நீங்கள் இந்தியாவில் எந்தப் பகுதி?” என்று நம்மைக் கேட்கும்போது நமக்கும் சுருக்கென்றுதானே இருக்கிறது?

அன்று இரவு அம்மாதான் என்னிடம் சொன்னார். தாத்தா 1949-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். புதுக்கோட்டைப் பக்கம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். தெங்கா விமானத் தளத்தில், வெள்ளைக்காரர்களின் சமையல்கூடத்தில், பாத்திரம் கழுவும் வேலை. 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பும் வரை அங்கேதான் இருந்தார். 1986-இல் மண்டாயில் எரித்தோம். கடைசி வரை அவர் ஊர் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அப்பா சிறுவனாக இருந்தபோது ஒருமுறை கேட்டிருக்கிறார். “ஊரைச் சொன்னா தெருவைக் கேப்பான். தெருவைச் சொன்னா திண்ணையில உக்கார விடமாட்டான். உனக்கு எதுக்கு?” என்றாராம். அதோடு சரி.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2007-இல் சென்னை விடுதியில் நடந்தது நினைவுக்கு வந்தது. அங்கே ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார், சொந்த ஊர் எது என்று. சிங்கப்பூர் என்றேன். “அதுக்கு முன்னாடி?” புதுக்கோட்டைப் பக்கம் என்றேன். “பக்கம்னா? எந்த ஊரு, எந்தத் தெரு?” தெரியாது என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். நான் அதைப் பாசம் என்று நினைத்துப் பூரித்துப் போனேன்! நம்மை எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று வீட்டுக்குத் தொலைபேசியில்கூடச் சொன்னேன். அப்பா அப்போது ஒன்றும் பேசவில்லை, தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்த மௌனத்துக்குப் பொருள் புரிய எனக்குப் பதினேழு வருடம் ஆகியிருக்கிறது.

மறுநாள் பொங்கல். காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து அவளைக் கூப்பிட்டார். “சொந்த ஊர் கேட்டியே, வா, காட்டுறேன்.”

அப்பா ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். எந்தப் பேருந்தில் எந்த இருக்கையில் உட்கார்ந்தால் எது தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. நானும் கூடப் போனேன். ஊர்ப் பெயரில் இருந்து தொடங்கினார். சுவா என்பது சீனக் குலப்பெயர். 19-ஆம் நூற்றாண்டில் தியோச்சூ சீனர்கள் இங்கே ஆற்றங்கரைகளில் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தலைவர், அவருடைய குலப்பெயர்தான் இடத்தின் பெயர். லிம் சூ காங், இயோ சூ காங் எல்லாம் அப்படி வந்தவைதாம். “பாத்தியா, இங்கேயும் குலம்தான் முன்னாடி நிக்குது” என்று அப்பாவே சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பழைய சுவா சூ காங் சாலையில் பெரிய கல்லறைத் தோட்டங்கள் வந்தன. சிங்கப்பூரில் இப்போது புதைக்க இடம் கொடுப்பது அங்கே மட்டும்தான். அதுவும் 1998-இல் இருந்து 15 வருடம்தான், பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். “இங்க செத்தவனுக்கும் வாடகை ஒப்பந்தம்தான்” என்றார் அப்பா. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தெங்கா வேலி ஓரமாகப் போகும்போது மட்டும் அவர் பேசவில்லை. சன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார், அவ்வளவுதான். தளம் இன்னும் இருக்கிறது, இப்போது நம் ஆகாயப் படையுடையது. அதன் பக்கத்தில் தெங்கா என்ற பெயரிலேயே புது நகரம் எழும்பி, 2023-இல் முதல் குடும்பங்களும் குடிவந்துவிட்டன. தாத்தா பாத்திரம் கழுவிய இடத்தைச் சுற்றிலும் இப்போது தவணை கட்டிக்கொண்டு மக்கள் வாழப் போகிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவள் கேட்டாள், “அங்கிள், இங்க தமிழ் ஆளுங்க தெரு எது?” நானே பதில் சொன்னேன். அப்படி ஒன்று கிடையாது. 1989 மார்ச் முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. எங்கள் இடப்பக்கம் சீனக் குடும்பம், வலப்பக்கம் மலாய்க் குடும்பம். (வீட்டை விற்கப் போகும்போது இந்த வரம்பினால் இந்தியர்கள் படும் பாடு இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு மன்றம் வைக்க வேண்டும்.) அவள் சற்று நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, “எங்க ஊர்ல தெருவைச் சொன்னா போதும் அக்கா, மிச்சம் எல்லாம் அவங்களே சொல்லிருவாங்க” என்றாள்.

அவள் எந்தத் தெரு? எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கவனிப்பது மாறியது. உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப் போய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை என்று 2021 செப்டம்பர் முதல் விதி. நமக்கு அது ஒரு தொல்லை, முணுமுணுத்துக்கொண்டே செய்கிறோம். அவள் ஒரு நாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் டை கட்டிய பெரியவர் ஒருவர் தன் எச்சில் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போனார். பக்கத்து மேசையில் இருந்த கட்டுமான ஊழியரும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார். “ரெண்டு பேரும் ஒரே இடத்துல வைக்கிறாங்க” என்றாள். நான் எத்தனையோ நிகழ்ச்சிகளில் தூய்மை பற்றிப் பேசியிருக்கிறேன். தட்டை அந்தக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். எல்ஆர்டியில் புக்கிட் பாஞ்சாங், அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் நேராகப் போய்விடலாம். பொங்கல் அலங்காரம் இன்னும் இருந்தது. தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு வெளியே வந்து அவள் அம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை.

“ஏம்மா, பேச்சு தென்காசிப் பக்கம் மாதிரி இருக்கே. எந்த ஊரு?”

அவள் முகம் ஒரு நொடி மாறியதை நான் பார்த்தேன். ஊரைச் சொன்னாள். அவர் சங்கரன்கோவில் பக்கமாம். “அட, நம்ம ஊரு!” என்று சொன்னவர் எங்களை விடவே இல்லை. மூன்று தேநீர் வாங்கினார். நாங்கள் காசு கொடுக்கப் போனபோது கோபித்துக்கொண்டார். ஊருக்குப் போய் நாலு வருடம் ஆகிறதாம். மகள் ஏழாம் வகுப்பாம். “நீ படிக்க வந்திருக்கியா? நல்லா படி. எம்புள்ளையும் ஒரு நாள் இப்படி வரணும்” என்றார். நாற்பது நிமிடம் பேசினார். குளத்தைப் பற்றி, மழையைப் பற்றி, தவசுத் திருவிழாவைப் பற்றி. அவரும் இந்த நாட்டில் விருந்தாளிதான். ஆனால் அவருக்கு வரவேற்பு நிகழ்ச்சி கிடையாது, மாணவர் அட்டையும் கிடையாது.

திரும்பி வரும் வழியில் ரயிலில் அவள் சொன்னாள், “அந்த அண்ணன் தெருவைக் கேக்கல அக்கா.”

ஒரே கேள்வியை அந்த விடுதி அம்மாளும் கேட்டார், இந்த அண்ணனும் கேட்டார். விடுதி அம்மாள் கையில் அது சல்லடை, இவர் கையில் கயிறு. வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். “அவனை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றார்.

நான் இங்கே நின்று சிங்கப்பூரைத் தங்கமாகக் காட்டவும் விரும்பவில்லை. சாதி கப்பலில் ஏறாமல் நாகப்பட்டினத்திலேயே நின்றுவிடவில்லை. இங்கேயும் வந்தது. அதனால்தான் 1929-இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து போனதும் இங்குள்ள தமிழர்களிடம் சூடு பிறந்தது. 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைத்தார்கள். 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். அவ்வளவு பாடுபட்ட பிறகும், கல்யாணப் பேச்சு என்று வந்தால் நம் வீடுகளில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்ன விசாரிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கல்யாணப் பேச்சிலேயே அது நடந்தது. அப்பா எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார். வந்தவர்கள் போய்விட்டார்கள். இதையும் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

25-ஆம் தேதி தைப்பூசம். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு வரை நடந்தாள். இங்கே அன்று பொது விடுமுறை இல்லை என்று தெரிந்ததும் ஆச்சரியப்பட்டாள். 1968 வரை இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் பொது விடுமுறை ஆனதே 2021-இல்தான். மதிய வகுப்பைத் தவறவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் கலந்துரையாடல் வகுப்பில் முதல்முறையாகக் கையைத் தூக்கினாளாம். என்ன கேட்டாள் என்று அம்மாவிடம் விளக்கினாள். அம்மா ‘ம்’ கொட்டினார்.

பிப்ரவரி முதல் வாரம் விடுதியில் இடம் கிடைத்தது. ஒரு பெட்டியோடு வந்தவள் இரண்டு பெட்டியோடு போனாள். இரண்டாவது பெட்டியில் பாதி அம்மா அரைத்துக் கொடுத்த பொடிகள். அப்பா அவளிடம் ஈஸிலிங்க் அட்டையில் காசு இருக்கிறதா என்று நாலு தடவை கேட்டார். சீனப் புத்தாண்டு விடுமுறையில் விடுதி வெறிச்சோடிக் கிடக்கும் என்று அவரே அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரச் சொன்னார். வந்தபோது தனியாக வரவில்லை, அறைத் தோழியான வியட்நாம் பெண் ஒருத்தியையும் அழைத்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு அப்பாவை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தாள்: “இவர் என் பெரியப்பா. சொந்த ஊர் சுவா சூ காங்.”

அப்பா அன்று இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நேயர்களே, ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் ஜனவரியிலும் நம் பல்கலைக்கழகங்களுக்குப் பரிமாற்ற மாணவர்கள் வருகிறார்கள். நம் வீட்டில் இருந்து ஒரு பேருந்துத் தூரத்தில்தான் இருக்கிறார்கள். துவாஸ் பக்கத்து அண்ணன்மார்களுக்கும் பேருந்து இருக்கிறது. எங்கள் வீட்டு அறையை இப்போது என் அண்ணன் மகன் பிடித்துக்கொண்டான், அதனால் தங்க வைக்க இடம் இல்லை. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது. அம்மா பன்னிரண்டரைக்கே சோற்றை இறக்கிவிடுவார், தாமதமாக வந்தால் பொறுப்பில்லை.